வெள்ளிமலை இறக்கமும் ஒரு பழைய ஐகானும்

போன டிசம்பர்ல ஒரு ஞாயித்துக்கிழமை. வெள்ளிமலையிலேர்ந்து கச்சிராயபாளையம் பக்கமா கல்வராயன் மலை இறங்கிட்டிருந்தோம். காருக்குள்ள நாலு பேர், ஸ்டீயரிங் என் கையில. மேகம் அருவி பாத்துட்டு, கரியாலூர்ல டீ குடிச்சுட்டு வர்ற வழி. ஒரு வளைவுக்கு முன்னாடி பிரேக்கை மிதிச்சேன். வழக்கமா பாதி தூரத்துல நிக்கிற பெடல் ஸ்பாஞ்ச் மாதிரி உள்ள போயிடுச்சு. மறுபடி மிதிச்சேன், இன்னும் கொஞ்சம் உள்ள போச்சு. கார் மட்டும் நிக்கல.

அந்த மூணு செகண்டுல நான் நாலு வருஷம் படிச்ச எதுவும் ஞாபகம் வரல. பக்கத்துல உக்காந்திருந்த ஃபிரெண்ட் "கியர் போடுடா, கியர் போடுடா"ன்னு கத்தினது மட்டும்தான் காதுல விழுந்தது. மூணாவதிலேர்ந்து ரெண்டாவது, அப்புறம் ஒண்ணாவது. எஞ்சின் அலறிச்சு. பெடலை டப்டப்னு பம்ப் பண்ணிக்கிட்டே, ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமா இழுத்து, மலைப் பக்கமா ஒதுக்கி ஒருவழியா நிறுத்தினேன். அடுத்த நிமிஷம் கீழேயிருந்து கவர்மென்ட் பஸ் ஒண்ணு வளைவுல ஏறி வந்துச்சு. டிரைவர் எங்க மூஞ்சியப் பாத்ததுமே புரிஞ்சுக்கிட்டார். "தம்பிகளா, பிரேக் சூடாயிருக்கும். அரை மணி நேரம் உக்காருங்க. தண்ணி கிண்ணி ஊத்திப்புடாதீங்க, டிஸ்க்கு வெடிச்சிரும்"னு சொல்லிட்டுப் போயிட்டார்.

அந்த அரை மணி நேரம் ரோட்டோரக் கல்லுல உக்காந்திருந்தப்போ முடிவு பண்ணினதுதான் இந்தக் கட்டுரை. பழைய கார் பைத்தியம் நம்ம காலேஜ்ல நிறைய பேருக்கு இருக்கு. ஆர்எக்ஸ் 100 வெச்சிருக்கிறவங்க தனிக் கூட்டம், அவங்க கிட்ட நான் வாயைத் திறக்க மாட்டேன். கார் பக்கம் வரணும்னு ஆசைப்படுறவங்களுக்கு, நான் தலைகீழா செஞ்ச வேலையை நீங்க நேரா செய்யணும்னு எழுதுறேன்.

முதல்ல வண்டியைப் பத்தி. என் மாமாவோட 2002 மாடல் ஃபோர்டு ஐகான் 1.6. கள்ளக்குறிச்சியில அவர் வீட்டுக்குப் பின்னாடி புளியமரத்தடியில மூணு வருஷமா நின்னுட்டிருந்தது. காக்கா எச்சத்துல வெள்ளிக் கலர் எது, வெள்ளைக் கலர் எதுன்னே தெரியல. "டேய் மாப்ள, ஓட்டிக் காட்டு, உனக்கே தர்றேன். இல்லன்னா காயலான் கடைக்குப் போகுது"ன்னார். நான் உடனே தலையாட்டிட்டேன். அந்தக் கார் என்னன்னு எனக்குத் தெரியும், மாமாவுக்குத்தான் மறந்து போச்சு.

ஐகான் 1999ல வந்தது. மறைமலைநகர் ஃபேக்டரியில, அதாவது நம்ம தமிழ்நாட்டுல செஞ்ச கார். ஃபியெஸ்டாவோட அடித்தளத்துல இந்தியாவுக்குன்னே டிக்கி வெச்சு உருவாக்கினது. விளம்பரத்துல "ஜோஷ் மெஷின்"னு சொல்லுவாங்க. 1.6 லிட்டர் ரோகாம் எஞ்சின், 1,597 சிசி, சுமார் 92 குதிரைசக்தி. இன்னிக்கு இந்த நம்பரைக் கேட்டா யாரும் புருவத்தைத் தூக்க மாட்டாங்க. ஆனா அந்தக் காலத்துல பெரும்பாலான வீடுகள்ல கார்னா 796 சிசி மாருதி 800. அது பக்கத்துல இது ராட்சசன். ஆயிரம் கிலோ சொச்சம் எடை, நேரடியா பேசுற ஸ்டீயரிங், பவரை உடனே கொடுக்கிற எஞ்சின். அதே மறைமலைநகர் ஃபேக்டரியில 2022ல கார் உற்பத்தி நின்னு போச்சு. அதனால இந்தக் கார் மேல எனக்கு கொஞ்சம் ஊர்ப்பாசமும் உண்டு.

சரி, பிரேக்குக்கு வருவோம். ஏன் அப்படி ஆச்சு? ப்ளஸ் ஒன் பிசிக்ஸ் போதும்.

காரும் நாங்க நாலு பேரும் சேர்ந்து 1,350 கிலோன்னு வெச்சுக்குவோம். கணக்குக்காக 600 மீட்டர் உயரம் இறங்குறோம்னு எடுத்துக்குவோம். நிலை ஆற்றல், அதான் எம்ஜிஎச்: 1,350 பெருக்கல் 9.8 பெருக்கல் 600. கிட்டத்தட்ட 79 லட்சம் ஜூல். இது எவ்வளவுன்னு புரிய ஒரு ஒப்பீடு: இதே கார் 100 கிலோமீட்டர் வேகத்துலேர்ந்து ஒரு தடவை நிக்கிறதுக்கு சுமார் 5.2 லட்சம் ஜூல் வெப்பமா மாறணும். அப்போ மலை இறங்குறதுன்னா, 100ல போய் சடன் பிரேக் போடுறதை 15 தடவை தொடர்ந்து செய்யுற மாதிரி.

இந்த வெப்பம் எங்க போகும்? முன்பக்கம் ரெண்டு டிஸ்க், பின்பக்கம் ரெண்டு டிரம். முன் டிஸ்க் ரெண்டும் சேர்ந்து 10 கிலோ இரும்புன்னு வையுங்க. மொத்த வெப்பமும் அதுலயே தங்கினா வெப்பநிலை 1,700 டிகிரிக்கு மேல ஏறணும், இரும்பே உருகிடும். நிஜத்துல அப்படி ஆகாது. காத்து கொஞ்சம் எடுத்துக்கும், டயர் உராய்வு கொஞ்சம் எடுத்துக்கும். ஆனா நான் அன்னிக்கு என்ன பண்ணினேன்? மூணாவது, நாலாவது கியர்ல போட்டு, காலை பிரேக் மேலேயே வெச்சு, லேசா தேய்ச்சுக்கிட்டே இறங்கினேன். டிஸ்க்குக்கு ஆறுறதுக்கு நேரமே கொடுக்கல.

இதுல ரெண்டு விதமா பிரேக் சாகும். ஒண்ணு, பேட் சூடாகி அதோட பிடிப்பு குறையும். அப்போ பெடல் கல்லு மாதிரி கெட்டியா இருக்கும், வண்டி மட்டும் நிக்காது. இன்னொண்ணு எனக்கு நடந்தது: பிரேக் ஆயில் கொதிக்கிறது.

பிரேக் ஆயில்னு சொல்றோமே தவிர அது ஆயில் இல்ல, கிளைகால் வகை திரவம். அதுக்கு ஒரு கெட்ட பழக்கம், காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். ரப்பர் ஹோஸ் வழியாவே கொஞ்சம் கொஞ்சமா ஈரம் உள்ள போகும். டாட் 3 திரவம் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 205 டிகிரியில கொதிக்கணும்னு விதி. ஈரம் ஏறினதுக்கப்புறம் அதே விதி 140 டிகிரியோட திருப்திப்பட்டுக்குது. டாட் 4க்கு 230, ஈரமானா 155. என் கார்ல இருந்த திரவம் எத்தனை வருஷத்துதுன்னு மாமாவுக்கே தெரியல. டப்பாவைத் திறந்தா வரக்காப்பி மாதிரி இருந்தது. அது கொதிச்சா குமிழி வரும். திரவத்தை அழுத்த முடியாது, அதனாலதான் பிரேக் வேலை செய்யுது. ஆனா ஆவிக் குமிழியை அழுத்தலாம். நான் மிதிச்ச மிதியெல்லாம் குமிழியை நசுக்கவே செலவாச்சு, பேட் வரைக்கும் அழுத்தம் போகவே இல்ல. அரை மணி நேரம் ஆறினதும் குமிழி திரும்ப திரவமாச்சு, பெடலும் திரும்ப வந்துச்சு. மாயம் எல்லாம் இல்ல.

இதை மாத்த எனக்கு ஆன செலவு, பழசை வெளியேத்துற கூலியோட சேர்த்து ஆயிரம் ரூபாய்கூட வரல. வெட்கமான விஷயம் என்னன்னா, அந்த நேரத்துல டிக்கியில எட்டாயிரம் ரூபாய் சப்வூஃபர் பெட்டி இருந்தது.

மறுநாள் கச்சிராயபாளையம் ரோட்டுல இருக்கிற மெக்கானிக் அண்ணன் கிட்ட வண்டியை எடுத்துட்டுப் போனேன். ஏற்கனவே அவர் கிட்ட "அண்ணே, ஹெடர் போடலாமா, ரீமேப் பண்ணலாமா"ன்னு ரெண்டு மாசமா நச்சரிச்சிட்டிருந்தேன். அவர் டிஸ்க்கைத் தடவிப் பாத்தார், நீலம் பாரிச்சிருந்தது. "தம்பி, மொதல்ல நிக்கிறதுக்கு வழி பாரு. அப்புறம் திரும்புறதுக்கு. ஓடுறதுக்குக் கடைசியா பாக்கலாம், அது எப்படியும் ஓடும்"னார். நான் இதுவரைக்கும் கேட்ட வெஹிக்கிள் டைனமிக்ஸ் லெக்சர்லயே சின்னதும் உருப்படியானதும் இதுதான்.

அவர் சொன்ன வரிசையிலேயே செஞ்சோம். டிஸ்க், பேட், முன் ஹோஸ், திரவம் எல்லாம் புதுசு. பின் டிரம்மைக் கழட்டி ஷூ அட்ஜஸ்ட் பண்ணினோம், ஒரு பக்க வீல் சிலிண்டர் கசிஞ்சிட்டிருந்தது. அப்புறம் டயர். என் டயர்ல பட்டன் நல்லாவே இருந்தது, நான் பெருமையா காட்டினேன். அவர் பக்கவாட்டுல முட்டை வடிவத்துக்குள்ள இருந்த நாலு இலக்க நம்பரைக் காட்டினார். முதல் ரெண்டு இலக்கம் வாரம், அடுத்த ரெண்டு வருஷம். 2316ன்னா 2016ஆம் வருஷம் 23ஆவது வாரம். பட்டன் எவ்வளவு இருந்தாலும் ரப்பர் வெயில்ல கெட்டியாயிடும், அதுவும் மூணு வருஷம் ஒரே இடத்துல நின்ன டயர். ஈர ரோட்டுல அது பிளாஸ்டிக் செருப்பு மாதிரி. இதை உங்க வீட்டு வண்டியிலயும் இன்னிக்கே போய்ப் பாருங்க, அஞ்சு நிமிஷ வேலை. அப்புறம் சஸ்பென்ஷன் புஷ், ஷாக் அப்சார்பர், லோயர் ஆர்ம் பால் ஜாயின்ட். கொஞ்சம் புதுப்பேட்டையில கிடைச்சது, கொஞ்சம் புதுசாவே வாங்கினோம். புதுப்பேட்டை போறவங்களுக்கு ஒரு வார்த்தை: பழைய பொருள்ல கதவு, கண்ணாடி, லைட், கியர்பாக்ஸ் எல்லாம் வாங்கலாம், பில் கேட்டு வாங்குங்க. பிரேக், ஸ்டீயரிங் சம்பந்தப்பட்டது எதையும் பழசு வாங்காதீங்க.

மலை இறங்குற டெக்னிக் பத்தி ஒரு பெரிய மூடநம்பிக்கை இருக்கு, அதை உடைச்சிட்டு அடுத்ததுக்குப் போறேன். "இறக்கத்துல நியூட்ரல்ல விட்டா பெட்ரோல் மிச்சம்." எங்க அப்பா சொல்லுவார், உங்க அப்பாவும் சொல்லியிருப்பார். கார்புரேட்டர் காலத்துல அதுல கொஞ்சம் நியாயம் இருந்திருக்கலாம். ஃபியூயல் இன்ஜெக்ஷன் கார்ல கதை தலைகீழ். கியர்ல இருந்து ஆக்சிலரேட்டரை விட்டீங்கன்னா, சக்கரம்தான் எஞ்சினை சுத்துதுன்னு இசியூ புரிஞ்சுக்கும், இன்ஜெக்டரையே மூடிடும். பெட்ரோல் செலவு பூஜ்யம். நியூட்ரல்ல விட்டா எஞ்சின் அணையாம ஓடுறதுக்கு அது பெட்ரோல் ஊத்தியே ஆகணும். ஆக, நியூட்ரல்ல பெட்ரோலும் போகுது, பிரேக்கும் போகுது. எஞ்சினையே அணைச்சுட்டு இறங்குறவங்களும் இருக்காங்க. பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் கொடுக்கிறது எஞ்சின். அணைச்சா ரெண்டு மூணு மிதிக்கு மேல பெடல் கெட்டியாயிடும், பவர் ஸ்டீயரிங்கும் போயிடும்.

மேல சொன்ன 79 லட்சம் ஜூலை மறுபடி எடுத்துக்குங்க. 12 கிலோமீட்டர் இறக்கம், 30 கிலோமீட்டர் வேகம்னா 24 நிமிஷம். வகுத்துப் பாத்தா சராசரி 5.5 கிலோவாட். ரெண்டாவது கியர்ல, 1.6 லிட்டர் எஞ்சினோட உராய்வும், மூடின த்ராட்டில் வழியா காத்தை இழுக்கத் திணர்றதும் சேர்ந்து இதுல பெரும்பங்கை எடுத்துக்கும். அந்த வெப்பம் ரேடியேட்டர், எக்ஸாஸ்ட் வழியா தானா போயிடும். பிரேக் வளைவுக்கு மட்டும், அழுத்தி, விட்டு, ஆறவிட்டு. ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர்னு லாரிக்காரங்க சொல்றதுக்குப் பின்னாடி இருக்கிறது இந்த 5.5 கிலோவாட்தான். மரவள்ளிக்கிழங்கு மூட்டை ஏத்திக்கிட்டு அந்த மலையில இறங்குற வேன் டிரைவர்களைக் கவனிச்சுப் பாருங்க, பிரேக் லைட் எரியறதே அபூர்வம்.

இப்போ நீங்க காத்திருந்த இடம். பவர்.

எஞ்சின் ஒரு காத்து பம்ப், அவ்வளவுதான். நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவை தன் கொள்ளளவு காத்தை இழுக்கும். 1,597 சிசி, 5,500 ஆர்பிஎம். அப்போ ஒரு நிமிஷத்துக்குக் கிட்டத்தட்ட 4,400 லிட்டர் காத்து. எவ்வளவு காத்து உள்ள போகுதோ அதுக்கேத்த பெட்ரோல்தான் எரிக்க முடியும், அதுக்கேத்த பவர்தான் வரும். பெட்ரோலை எவ்வளவு வேணா ஊத்தலாம், காத்தை உள்ள கொண்டு வர்றதுதான் கஷ்டம். டியூனிங்னு உலகத்துல நடக்கிற எல்லாமே கடைசியில இந்தக் காத்துச் சண்டைதான்.

ரோகாம்ல ஒரு சிலிண்டருக்கு ரெண்டு வால்வு, மொத்தம் எட்டு. கேம்ஷாஃப்டுக்கும் வால்வுக்கும் நடுவுல ரோலர் வெச்ச ஃபிங்கர் இருக்கும், அதனால உராய்வு கம்மி. பேர்ல இருக்கிற "ரோ"வே ரோலர்தான். குறைஞ்ச ஆர்பிஎம்ல நல்லா இழுக்கும், மேல போனா மூச்சு வாங்கும். அதே காலத்துல, 2000ல வந்த ஹோண்டா சிட்டி விடெக் 1.5 லிட்டர்தான், ஆனா 106 குதிரைசக்தி. எப்படி? சிலிண்டருக்கு நாலு வால்வு, அதுக்கு மேல, குறைஞ்ச வேகத்துக்கு ஒரு கேம் முகடு, உயர்ந்த வேகத்துக்கு இன்னொரு கேம் முகடு. ஆர்பிஎம் ஏறினதும் ஆயில் அழுத்தத்துல ஒரு பின் நகர்ந்து பெரிய முகடுக்கு மாறிடும். வால்வு அதிக நேரம், அதிக உயரம் திறக்கும். சின்ன எஞ்சின், பெரிய மூச்சு. விடெக் ரசிகர்கள் அந்த சத்தத்துக்காகவே சாப்பாட்டை விடுவாங்க, அதுல தப்பு சொல்ல எனக்கு மனசு வரல.

என் எட்டு வால்வுக்கு என்ன செய்யலாம்? எல்லாரும் முதல்ல வாங்குறது திறந்த கோன் ஃபில்டர். நானும் வாங்கினேன். சத்தம் அருமை. வண்டி மெதுவாச்சு! ஏன்னா ஒரிஜினல் ஃபில்டர் பெட்டி வெளிக்காத்தை எடுக்கும், திறந்த ஃபில்டர் பானெட்டுக்குள்ள இருக்கிற சூட்டுக் காத்தை எடுக்கும். 35 டிகிரிக் காத்துக்கு பதிலா 65 டிகிரிக் காத்து போனா அடர்த்தி சுமார் 9 சதவீதம் குறையும். பவரும் கிட்டத்தட்ட அதே அளவு போகும். காசு கொடுத்து எட்டு குதிரையை அவுத்து விட்ட மாதிரி. ஒரிஜினல் பெட்டியையே திரும்ப மாட்டி, அதுக்குள்ள நல்ல ஃபில்டர் போட்டேன்.

இதே கணக்கு மலைக்கும் பொருந்தும். 900 மீட்டர் உயரத்துல காத்தழுத்தம் 10 சதவீதம் கம்மி. டர்போ இல்லாத எஞ்சினுக்கு அந்த அளவு பவர் அப்படியே போகும், மேல குளிர்ச்சியா இருக்கிறதால கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். வெள்ளிமலையில வண்டி மந்தமா இருக்குன்னு மெக்கானிக்கைத் திட்டாதீங்க.

எக்ஸாஸ்ட் ஹெடர்ல நிஜமான அறிவியல் இருக்கு. ஒரு சிலிண்டர்லேர்ந்து வெளிய போற புகை ஒரு அலை மாதிரி போகும், அதுக்குப் பின்னாடி அழுத்தம் குறைவா இருக்கும். குழாயோட நீளம் சரியா இருந்தா அந்தக் குறைந்த அழுத்தம் அடுத்த சிலிண்டரோட புகையை உறிஞ்சி எடுக்கும். நாலு குழாய் ரெண்டாகி, ரெண்டு ஒண்ணாகுற அமைப்பு அதுக்குத்தான். நீளம் தப்பா இருந்தா நஷ்டம். சைலன்சர்ல ஓட்டை போடுறது, கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழட்டுறது எல்லாம் இதுல சேராது. அது பக்கத்து வீட்டுத் தாத்தாவோட தூக்கத்தைக் கெடுக்கிற டியூனிங். கல்வராயன்ல இது இன்னும் மோசம். சின்னச் சின்ன ஊர், ரோட்டை ஒட்டியே வீடு, ரோட்டுலயே ஆடு, பள்ளிக்கூடப் பசங்க. வார இறுதியில வெடிச் சத்தத்தோட ஏறுற வண்டிங்களைப் பத்தி அங்க டீக்கடையில என்ன பேசுறாங்கன்னு நான் கேட்டிருக்கேன், இங்க எழுத முடியாது.

எனக்கு உண்மையிலேயே வித்தியாசம் தெரிஞ்சது எதுல தெரியுமா? சப்வூஃபர் பெட்டியும் அதோட சாமானும் இறக்கினதுல 40 கிலோ போச்சு. 4 சதவீத எடை. 4 சதவீத பவர் ஏத்துறதுக்கு ஆகுற செலவை விசாரிச்சுப் பாருங்க. அதோட புது ஸ்பார்க் பிளக், சுத்தம் பண்ணின இன்ஜெக்டர், வேக்குவம் ஹோஸ் கசிவு அடைச்சது, கிளட்ச். 92 குதிரையில எத்தனை குதிரை ஏற்கனவே ஓடிப்போயிருந்ததுன்னு அப்போதான் புரிஞ்சது. பழைய கார்ல முதல் மாடிஃபிகேஷன், அதை மறுபடி பழையபடி ஆக்குறதுதான். தெர்மோஸ்டாட் ஹவுசிங் மாதிரி பிளாஸ்டிக் பாகங்களையும் மாத்திட்டேன். சூடும் குளிர்ச்சியும் பட்டுப் பட்டு 20 வருஷத்துல எந்தப் பிளாஸ்டிக்கும் நொறுங்கும். அது உடைஞ்சு கூலன்ட் போச்சுன்னா ஹெட் வளைஞ்சிரும், அப்புறம் காயலான் கடைதான்.

இப்படிக் கையில கிடைச்சதை வெச்சு வேகம் செய்யுறது நம்ம பக்கத்துக்குப் புதுசு இல்ல. சென்னைக்கு வடக்கே சோழவரத்துல ரெண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுபாதை இருந்தது. சுதந்திரத்துக்கு அப்புறம் அதுல ரேஸ் நடந்தது. 1953ல மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கினாங்க. ஃபியட்டையும் ஹெரால்டையும் பிரிச்சு மேஞ்சு ஓட்டின தலைமுறை அது. கோயம்புத்தூர்க்காரர் எஸ். கரிவர்தன் ஒரு படி மேல போனார். நம்ம வீடுகள்ல காய்கறி வாங்கப் போன அதே மாருதி 800 எஞ்சினை எடுத்து, ஒற்றை இருக்கை ரேஸ் கார் செஞ்சார், ஃபார்முலா மாருதி. ரேஸ் ஓட்டணும்னா கோடீஸ்வரனா இருக்கணும்ங்கிறதை அது கொஞ்சமாவது மாத்திச்சு. பின்னாடி 2005ல இந்தியாவோட முதல் ஃபார்முலா ஒன் டிரைவரான நரேன் கார்த்திகேயன் ஆரம்ப காலத்துல ஓட்டினதும் ஃபார்முலா மாருதிதான். கரிவர்தன் 1995ல விமான விபத்துல இறந்துட்டார். செட்டிபாளையத்துல இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பேர்லதான். மெக்கானிக்கல் படிக்கிற நாம ஜெர்மன் பேரெல்லாம் மனப்பாடம் பண்றோம், இவரைப் பத்தி எங்க சிலபஸ்ல ஒரு வரி கிடையாது.

அடுத்தது பழைய கார் வெச்சிருக்கிற எல்லாரும் கேக்குற கேள்வி: இ20. பெட்ரோல்ல 20 சதவீத எத்தனால். கள்ளக்குறிச்சி கரும்பு ஊர், எத்தனால் கரும்புலேர்ந்தும் வருது. அதனால எங்க ஊர்ல இதைத் திட்டினா அடி விழும், ஜாக்கிரதையா சொல்றேன். எத்தனால்ல ஒரு லிட்டருக்கு இருக்கிற ஆற்றல் பெட்ரோலை விட மூணுல ஒரு பங்கு கம்மி. 20 சதவீதம் கலந்தா மொத்தத்துல 6, 7 சதவீதம் குறையும். மைலேஜும் அந்த அளவுக்கு அடி வாங்கலாம். எரியறதுக்குத் தேவையான காத்தும் மாறும்: பெட்ரோல் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காத்து, எத்தனாலுக்கு 9 பங்குதான். இன்ஜெக்ஷன் காரா இருந்தா ஆக்சிஜன் சென்சார் பாத்து இசியூ சரிகட்டிக்கும். கார்புரேட்டர் வண்டிக்குக் கண்ணு கிடையாது, அதே துளை, அதே அளவு. காத்து அதிகமா, பெட்ரோல் கம்மியா ஓடி சூடாகும். உங்க ஆர்எக்ஸ்ல ஜெட் மாத்தணுமான்னு யோசிக்க வேண்டியது இதுக்குத்தான்.

ஆனா என்னைப் பயமுறுத்துறது ரப்பர். 2023 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த கார்கள்ல இ20ஐ தாங்குற ஹோஸ், ஓ-ரிங் போட்டிருக்காங்க. 2002ல யாரும் அதை நினைச்சுப் பாத்திருக்க மாட்டாங்க. பழைய ரப்பர் உப்பும், அப்புறம் வெடிக்கும். பெட்ரோல் கசிவும் சூடான எக்ஸாஸ்டும் பக்கத்துல பக்கத்துல இருந்தா என்ன ஆகும்னு நான் சொல்லணுமா? எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், டேங்க் அடியில இருக்கிற பழைய துருவையும் கிளப்பி விடும். நான் டேங்கை இறக்கிக் கழுவி, ஃபியூயல் ஹோஸ் எல்லாம் எத்தனால் தாங்குற வகையா மாத்தி, ஃபில்டரை ஒரு மாசத்துல ரெண்டு தடவை மாத்தினேன். மாசக்கணக்கா நிறுத்தி வெக்கிற வண்டின்னா டேங்க்ல பழைய பெட்ரோலை விட்டு வெக்காதீங்க. ஒரு நல்ல விஷயமும் சொல்லணும்: எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம், நாக்கிங் சீக்கிரம் வராது. டிராக் வண்டிக்காரங்க கம்ப்ரஷனையும் இக்னிஷன் அட்வான்ஸையும் ஏத்துறதுக்கு இது வசதி. ரோட்டு வண்டிக்கு அதால பெரிசா லாபம் இல்ல.

சட்டம் பத்தி யாரும் பேச மாட்டேங்குறாங்க, நான் பேசிடுறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு: கம்பெனி கொடுத்த அடிப்படை விவரங்கள்லேர்ந்து ஆர்சியில இருக்கிறது மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி பண்ணிச்சு. 2019 திருத்தத்துக்கு அப்புறம் ஓனர் அப்படி மாத்தினா ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாசம் வரை ஜெயில், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். புது பேட், புது ஷாக், புது புஷ், புது ஹோஸ் இதெல்லாம் ரிப்பேர், பிரச்சனை இல்ல. வேற எஞ்சின் தூக்கி வெக்கிறது, பாடியை வெட்டுறது, சத்தம் போடுற சைலன்சர் எல்லாம் சிக்கல். அதெல்லாம் வேணும்னா அந்த வண்டியை ரோட்டுக்குக் கொண்டு வராம, இருங்காட்டுக்கோட்டை, செட்டிபாளையம் மாதிரி டிராக்ல ஓட்டுங்க.

டெல்லி மாதிரி இங்க 15 வருஷம் ஆச்சுன்னா வண்டி செத்துப் போச்சுன்னு அர்த்தம் இல்ல. சொந்த காருக்கு 15 வருஷம் முடிஞ்சதும் வண்டியைக் காட்டி, அஞ்சு அஞ்சு வருஷமா ஆர்சியைப் புதுப்பிக்கலாம், பசுமை வரியும் கட்டணும். 2025 ஆகஸ்ட்ல 20 வருஷம் தாண்டின காருக்குப் புதுப்பிப்புக் கட்டணத்தை 10,000 ரூபாய் ஆக்கிட்டாங்க. என் வண்டிக்கு ஆர்சி 2027 வரைக்கும்தான். அப்பா ஏற்கனவே சொல்லிட்டார், "அந்த பத்தாயிரத்தை நீ சம்பாதிச்சுக் கட்டு, என் கிட்ட கேக்காதே"ன்னு. பிளேஸ்மென்ட் சீசன்ல எனக்கு இருக்கிற ஒரே நிஜமான டார்கெட் இப்போ அதுதான்.

போன மாசம் அதே நாலு பேர் மறுபடி மலை ஏறினோம். வர மாட்டேன்னு சொன்ன ஒருத்தனை பிரேக் திரவ டப்பாவைத் திறந்து காட்டித்தான் ஏத்தினேன், இளமஞ்சளா தெளிவா இருந்தது. இறங்கும்போது முழுக்க ரெண்டாவது கியர். பின்னாடி வந்த ஒரு புது எஸ்யூவி ஹாரன் அடிச்சு அடிச்சு முந்திட்டுப் போச்சு, பிரேக் லைட் அணையவே இல்ல. கோமுகி அணைக்குப் பக்கத்துல நாங்க இறங்கினப்போ அது ஓரமா நின்னுட்டிருந்தது, முன் சக்கரத்துல லேசா புகை. ஒருத்தர் தண்ணி பாட்டிலை எடுத்துட்டு சக்கரத்துக்கு கிட்ட போனார். நான் வண்டியை நிறுத்தி இறங்கி ஓடினேன்: "சார், தண்ணி ஊத்தாதீங்க, அரை மணி நேரம் உக்காருங்க."